தொடாதே என்று எழுதிய டப்பா

தியோடரின் கிரெடிட் கார்டு பதினாறு மாதமாகப் பன்றிக்கறிக் குழம்புக்குள் உறைந்து கிடந்தது. அவன் மனைவி பவுலின் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

கார்டு வந்த விதத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். தியோடர் அடுகோடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவன். ஒருநாள் பட்டறை வாசலில் டை கட்டிய ஒருவர் குடை நட்டு உட்கார்ந்து, ஒரு கையெழுத்துப் போட்டால் பயணப் பை இலவசம் என்றார். தியோடர் போட்டான். பையின் ஜிப் ஒரே வாரத்தில் போய்விட்டது. கார்டு போகவில்லை. அதில் ஒரு டிவி வந்தது, தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் வந்தது, தம்பி கல்யாணத்துக்குக் கோலார் தங்கவயலுக்கு இரண்டு வேன் போய் வந்தது. கடைசியாக, உடம்பு இளைக்க ஒரு ட்ரெட்மில் வந்தது. அதன் மேல் இன்றுவரை ஈரத்துணியைத் தவிர வேறு எதுவும் ஏறியதில்லை.

மாதாமாதம் வங்கி 'மினிமம் டியூ' என்று ஒரு சின்னத் தொகையைக் கேட்டது. அதுதான் அந்த மாதத்து பில் என்று தியோடர் நினைத்தான். மீதியை வங்கி பெரிய மனசோடு விட்டுக்கொடுக்கிறது என்று எண்ணிக்கொண்டு, இரண்டு வருடம் அந்த வங்கியைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் புகழ்ந்தான். பெரிய மனசின் அளவு தொண்ணூற்றாறாயிரம் ரூபாய் என்று கண்டுபிடித்தவள் பவுலின்.

பவுலினுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும். சாதாரண நாளில் அவனை "இன்னா தியோ, சாப்டியா" என்று கேட்கிறவள் அன்றைக்கு, "நீங்க உக்காருங்க. நீங்க நிதானமா சொல்லுங்க. மொத்தம் எவ்ளோ செஞ்சி வச்சிருக்கீங்க?" என்றாள். அந்த 'நீங்க'வைக் கேட்டதும் தியோடர் உட்கார்ந்தான். அந்த மரியாதை ஏழு வாரம் நீடித்தது.

ஆஸ்டின் டவுனில் இரண்டு அறை வீட்டில் உட்கார்ந்து, ரவிக்கையும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைக்கிறவள் அவள். லைனிங் துணி இரண்டு ரூபாய் மலிவாகக் கிடைக்கும் என்று சிவாஜிநகருக்கு நடந்தே போய் வருகிறவள். அவள் போட்ட திட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை. தியோடரின் சம்பளம் வாடகைக்கும் வீட்டுக்கும் மகள் ஜெனிஃபரின் காலேஜுக்கும். அவன் ஓவர்டைம் பார்த்துக் கொண்டுவரும் ஐயாயிரமும், அவள் தையலில் மிச்சம் பிடிக்கும் மூவாயிரமும் கார்டுக்கு. வட்டியையும் சேர்த்து மாதம் எட்டாயிரம், பதினாறு மாதம், கடைசி மாதம் மட்டும் ஏழாயிரத்து அறுநூறு. பணத்தை அவளே கையில் கொண்டுபோய் வங்கி கவுண்டரில் கட்டுவாள். ரசீதைக் கம்பியில் குத்துவாள். பிறகு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அட்டையில், பதினாறு கட்டத்தில் ஒரு கட்டத்துக்கு அந்த மாதம் தைத்ததில் மிஞ்சிய துணியை வெட்டி ஒட்டுவாள். ஜூலைக்கு மயில்நீலப் பட்டு, ஆகஸ்டுக்குக் கான்வென்ட் யூனிஃபார்மின் கட்டம்போட்ட துணி, இப்படி.

கார்டை ஏன் அன்றைக்கே வெட்டிப்போடவில்லை என்று கேட்கலாம். ஆஸ்பத்திரிச் செலவு என்று ஏதாவது வந்து தொலைத்தால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு இருந்தது. அதனால் கார்டை பாலித்தீனில் நான்கு சுற்று சுற்றி, ஒரு ஐஸ்கிரீம் டப்பாவின் அடியில் வைத்து, அதன் மேல் பன்றிக்கறிக் குழம்பை ஊற்றி ஃப்ரீசரில் வைத்தாள். வெறும் தண்ணீரில் உறைய வைத்தால் புருஷன் பத்து நிமிடத்தில் உருக்கிவிடுவான். குழம்பென்றால் சூடுபண்ண வேண்டும், சூடுபண்ணினால் சோறு வேண்டும், சோறு வடிக்கத் தியோடருக்குச் சோம்பல். பதினெட்டு வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கு இந்தக் கணக்குகூடத் தெரியாமல் இருக்குமா? மூடியின் மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் 'தொடாதே' என்று எழுதினாள்.

பன்னிரண்டு மாதம் தியோடர் தொடவில்லை. இது அவனுக்காகச் சொல்லியாக வேண்டிய விஷயம்.

பதின்மூன்றாம் மாதம் பட்டறையில் ஆர்டர் குறைந்து ஓவர்டைம் நின்றுபோனது. அதை அன்றைக்கே வீட்டில் சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை. சொல்லத்தான் போனான். வீட்டுக்குள் நுழைந்தபோது பவுலின் அட்டையின் முன்னால் நின்று, "இன்னும் நாலே நாலு கட்டம், தியோ" என்று விரலால் எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கல்யாண போட்டோவில்தான் அவன் பார்த்திருந்தான். வாயைத் திறந்தவன், "டீ இருக்கா" என்று கேட்டுவிட்டு மூடிக்கொண்டான்.

மறுநாள் அவள் துணி வாங்கப் போன நேரத்தில் டப்பாவைச் சூடுபண்ணினான். அத்தனை அவசரத்திலும் குழம்பைக் கொஞ்சம் தொட்டுப் பார்த்தான், அபாரமாக இருந்தது. கார்டை எடுத்தான். டப்பாவின் அடிப்பக்கம் லேசாக உள்ளே தெரியும், நீள்சதுரமாக ஏதாவது நிழல் தட்ட வேண்டும் என்பதற்காக, காலாவதியான தன் பழைய பட்டறை ஐ.டி. கார்டைச் சுற்றி உள்ளே வைத்து மறுபடி உறைய வைத்தான்.

அதன் பிறகு மாதம் பிறந்தால் அடுகோடி ஏ.டி.எம்.மில் கார்டைச் சொருகி ஐயாயிரம் எடுப்பான். சம்பளக் கவரில் போட்டு, "இந்தா, ஓ.டி." என்று பவுலினிடம் கொடுப்பான். அவள் அதை எடுத்துப்போய் அதே கார்டின் கடனுக்குக் கட்டுவாள். கார்டின் கடனை கார்டே அடைத்துக்கொண்டிருந்தது. எடுக்கும் ஒவ்வொரு தடவைக்கும் வங்கி அறுநூறு ரூபாய்க்குப் பக்கமாகப் பிடித்துக்கொண்டது, அதற்கு மேல் வட்டியும் போட்டது. ஒரு தடவை நோட்டில் யாரோ பச்சை மையில் 'லவ் யூ சரளா' என்று எழுதியிருந்தார்கள். அடுத்த மாதம் மெஷின் அதே சரளாவை அவன் கையில் திரும்பக் கொடுத்தது. சரளாவுக்கு எல்லாம் தெரியும் என்று அவனுக்குத் தோன்றியது.

வங்கியிலிருந்து மெசேஜ் அவன் போனுக்குத்தான் வரும். "எவ்ளோ நிக்குது?" என்று பவுலின் கேட்டால், அட்டையில் இருக்க வேண்டிய தொகையைப் படித்துச் சொல்வான். அட்டைப்படி பாக்கி ஏழாயிரத்து அறுநூறு. மெசேஜ்படி முப்பத்திரண்டாயிரத்து நூற்று நாற்பது.

இப்படியே அக்டோபர் நடுப்பகுதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் அறுப்பின் பண்டிகை. திங்கட்கிழமை பவுலின் கடைசித் தவணையைக் கட்டுகிறாள். திங்கட்கிழமை சாயங்காலம் டப்பாவைச் சூடுபண்ணி, கார்டை எடுத்துக் கோழி வெட்டும் கத்திரிக்கோலால் நறுக்கி, மூன்று பேரும் அந்தக் குழம்பில் சோறு சாப்பிடுவது என்று முடிவாகியிருந்தது. பதினாறு மாதக் குழம்பைத் தின்னலாமா என்று ஜெனிஃபர் கேட்டதற்கு, "ஒண்ணும் ஆவாது, ஃப்ரீசர்ல காலம் ஓடாது" என்றாள் பவுலின்.

தியோடருக்கு நான்கு நாளாகத் தூக்கம் இல்லை. சனிக்கிழமை அவனுக்கு ஒரு யோசனை வந்தது. வந்த நேரத்தில் அது அவனுக்கு மிகவும் புத்திசாலித்தனமாகத் தெரிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அறுப்பின் பண்டிகையன்று ஒவ்வொரு வீட்டிலிருந்தும் எதையாவது கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன்னால் மேசையில் வைப்பார்கள். பூசணி, வாழைத்தார், கேக், உயிர்க்கோழி, ஊறுகாய், அவரவர் கைப்பக்குவம். ஆயர் ஜெபம் பண்ணியதும் எல்லாம் ஏலத்துக்கு வரும். மேசையில் வைத்து ஜெபித்த பொருளை யாரும், கொடுத்தவரே ஆனாலும், திருப்பி எடுத்துக்கொள்ளக் கூடாது. வேண்டுமானால் ஏலத்தில் கேட்டு வாங்கலாம். அந்தக் காலத்திலிருந்து அப்படித்தான். பவுலின் மாதர் சங்கத்துப் பொருளாளர். காலை ஆறு மணிக்கே சபைக்குப் போய்விடுவாள், ஏலம் தொடங்கும்போது பின்னறையில் சாப்பாட்டு டோக்கன் பணத்தை எண்ணிக்கொண்டிருப்பாள். இந்த வருடம் அவர்கள் வீட்டிலிருந்து குழம்புக்குப் பதில் பூசணிக்காய், அதைக் கொண்டுவருவது தியோடரின் வேலை. பூசணியோடு சேர்ந்து டப்பாவும் 'தவறுதலாக' மேசைக்குப் போய்விட்டால்? யாராவது நூறுக்கோ இருநூறுக்கோ எடுத்துப் போய்விடுவார்கள். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஐயோ பவுலின், மறந்து எடுத்தாந்துட்டன். பரவால்ல, நான் பேங்குக்கு போன் பண்ணி கார்டை பிளாக் பண்ணிட்டன்" என்று சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. பாக்கியை எப்படியாவது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் நினைத்தபடியேதான் நடந்தது. குணசேகர் வரும்வரை.

குணசேகர் சபைச் செயலாளர். வருடம் முழுவதும் ஒரு தபால் ஆபீசில் வாய் திறக்காமல் வேலை செய்துவிட்டு, ஏலத்தன்று மட்டும் மைக்கைப் பிடித்துப் பேசித் தீர்க்கிறவர். மேசையைச் சுற்றி வந்தவர் டப்பாவைப் பார்த்தார், மூடியை லேசாகத் திறந்து முகர்ந்தார். பவுலினின் பன்றிக்கறிக்குச் சபையில் தனிப்பெயர் உண்டு. டப்பாவை எடுத்து எல்லாவற்றுக்கும் கடைசியில் வைத்தார். நல்ல சாமானைக் கடைசியில் விடுவதுதான் ஏலக்காரன் தொழில். கடைசி என்றால் டோக்கன் எண்ணி முடித்துப் பவுலின் முன் வரிசைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் நேரம்.

ஆண்கள் வலப்பக்கம், பெண்கள் இடப்பக்கம். தியோடர் ஒன்பதாம் வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். பூசணி எண்ணூறுக்குப் போனது. கோழி ஒன்று கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டிக்குப் பின்னால் ஓடி, பிடிபட்டு, ஆயிரத்து நூறுக்குப் போனது. ஒரே கேக்கை வாங்கினவர்கள் திரும்பத் திரும்பக் காணிக்கையாகவே கொடுத்ததில் அது நான்கு தடவை விலைபோய், கடைசியில் யார் வீட்டுக் கேக் என்றே யாருக்கும் தெரியவில்லை.

"இப்போ பாருங்க," என்று குணசேகர் டப்பாவைத் தூக்கினார். "மேல இன்னா எழுதியிருக்கு? தொடாதே. ஏன் தொடக்கூடாது? தொட்டா விட முடியாது. நம்ம பவுலின் சிஸ்டர் கைப்பக்குவம், பன்றிக்கறி. ஐந்நூறுல ஆரம்பிக்கறேன்."

பவுலின் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கை நெஞ்சுக்குப் போனது. திரும்பி ஆண்கள் பக்கம் தியோடரைத் தேடினாள். தியோடர் பாட்டுப்புத்தகத்தைக் குனிந்து படித்தான்.

"ஆயிரம்," என்றார் சின்னப்பா. மூன்று டெம்போ வைத்து ஓட்டுகிறவர், மனைவி போனபிறகு ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டு நாக்கு செத்துப்போனவர். அந்தக் குழம்பு ஒவ்வொரு வருடமும் அவருக்குத்தான் போகும். விலை ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டியதில்லை.

"ஆயிரத்து இருநூறு," என்று பெண்கள் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பவுலின்.

குணசேகருக்கு ஆனந்தம் பொங்கியது. "சமைச்சவங்களே கேக்கறாங்க. அப்போ ருசி எப்பிடி இருக்கும்னு நீங்களே யோசிங்க."

சின்னப்பா ஆயிரத்து ஐந்நூறு என்றார். பவுலின் ஆயிரத்து அறுநூறு என்றாள். சின்னப்பா இரண்டாயிரம் என்றார். ஜனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. இது பக்தி என்று சிலர் நினைத்தார்கள், திமிர் என்று சிலர் நினைத்தார்கள். அவள் கைக் குழம்பு தனக்குக் கிடைக்கக் கூடாது என்றே இந்தப் பெண் கேட்கிறாள் என்று சின்னப்பா நினைத்தார். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

அவள் ஏன் கேட்கிறாள் என்று தியோடர் ஒருவனுக்குத்தான் தெரியும். சின்னப்பா வீட்டுச் சட்டியில் புருஷன் பெயர் பொறித்த கிரெடிட் கார்டு மிதந்தால், மாதர் சங்கப் பணத்தை வைத்திருக்கிறவள் வீட்டில் வங்கிக் கடன் என்று திங்கட்கிழமைக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிடும். பதினாறு மாதம் யார் காதிலும் விழாமல் கட்டிய கடன். பண்டிகைக்குப் புதுச் சேலை எடுக்காததற்கு, "எனக்குப் பழசுதான் புடிக்கும்" என்று சிரித்து மழுப்பிக் கட்டிய கடன்.

தியோடரின் போன் அதிர்ந்தது. 'டப்பா எப்டி இங்க வந்துச்சி. உள்ள கார்டு இருக்கு. நீயும் கேளு.'

தியோடர் 'விட்டுடு' என்று அனுப்பினான்.

'பேர் கெட்டுடும்,' என்று பதில் வந்தது. பிறகு அவள் சத்தமாக, "நாலாயிரம்," என்றாள்.

தியோடர் 'உள்ள கார்டு' என்று அடித்தான். அடுத்த வார்த்தை 'இல்ல'. மூன்றே எழுத்து. அதை அடித்துவிட்டு அழித்தான். "நாலாயிரத்து ஐந்நூறு," என்றார் சின்னப்பா. மறுபடி அடித்தான், அழித்தான். ஒரு தடவை போன் தானாகவே 'இல்லம்' என்று போட்டது, அதையும் அழித்தான். மேலே விலை ஐந்தாயிரம், ஐந்தாயிரத்து ஐந்நூறு, ஆறாயிரம் என்று போய்க்கொண்டிருந்தது.

பவுலினின் கைப்பையில் இருந்தது நாளைக்குக் கட்ட வேண்டிய ஏழாயிரத்து அறுநூறு. அதில் ஐயாயிரம் கார்டிலிருந்தே எடுத்தது. இல்லாத கார்டைக் காப்பாற்ற, கார்டிலிருந்து எடுத்த பணத்தை ஏலத்தில் விட்டுக்கொண்டிருந்தாள். சரளாவும் அந்தப் பைக்குள்தான் இருப்பாள் என்று தியோடர் நினைத்தான். பிறகு கொடுக்கிறேன் என்று வாயால் சொல்லிக் கேட்கலாமே என்றால், அதற்கும் வழி இல்லை. போன வருடம் ஏலம் கேட்டவர்கள் ஈஸ்டர் வரை பணம் கட்டாததால், இந்த வருடம் மேசை மேல் ரொக்கம் வைத்தால்தான் சாமான் என்று சட்டம் போட்டிருந்தார்கள். போட்டது பொருளாளர் பவுலின்.

"ஏழாயிரத்து அறுநூறு," என்றாள் அவள்.

"ஏழாயிரத்து எழுநூறு," என்றார் சின்னப்பா.

"ஏழாயிரத்து எழுநூறு ஒரு தரம்," என்றார் குணசேகர்.

பவுலினின் மடியில் இரண்டு பைகள் இருந்தன. ஒன்று அவளுடைய கைப்பை. மற்றது மாதர் சங்கத்துப் பச்சைப் பை, காலையில் எண்ணிக் கட்டிய டோக்கன் பணம். ஆறு வருடமாக அந்தப் பையிலிருந்து ஆட்டோவுக்குக்கூட ஒரு ரூபாய் எடுத்தவள் இல்லை. ஒன்பதாம் வரிசையிலிருந்து தியோடர் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, அவள் கை கைப்பையிலிருந்து மெதுவாக நகர்ந்து, பச்சைப் பையின் முடிச்சுக்கு வந்து நின்றது.

"ரெண்டு தரம்."

அவள் விரல் முடிச்சைத் தொட்டது. தியோடர் எழுந்து நின்றான்.

"ஆகா, தியோடர் அண்ணா எட்டாயிரம்," என்றார் குணசேகர். "வூட்டுக்காரம்மா விட்டாலும் வூட்டுக்காரரு விடல."

"எட்டாயிரத்து நூறு," என்றார் சின்னப்பா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"நான் ஏலம் கேக்கல," என்றான் தியோடர்.

"யோசிக்கறாரு. யோசிக்கட்டும். எட்டாயிரத்து நூறு—"

"அதுல கார்டு இல்ல, பவுலின்." அவன் சட்டைப் பையில் கைவிட்டு கார்டை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திப் பிடித்தான். "எங்கிட்ட இருக்கு."

குணசேகர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கார்டைப் பார்த்தார். பிறகு மிகவும் வருத்தத்தோடு மைக்கில் சொன்னார்: "கார்டு எடுக்க மாட்டோம் அண்ணா. இந்த வருஷம் கேஷ் மட்டும்தான். சிஸ்டர் போட்ட ரூல்."

பெண்கள் பக்கத்தில் நான்கைந்து தலைகள், ஆமாம் ரூல் ரூல்தான் என்று ஆடின.

அதற்கு மேல் விளக்காமல் முடியவில்லை. நின்ற இடத்திலேயே தியோடர் சொன்னான். ஓவர்டைம் நின்றது, டப்பாவைச் சூடுபண்ணியது, ஏ.டி.எம்., கவர், எல்லாம். ஜனம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. "அப்போ டப்பால இன்னாதான் இருக்கு?" என்று கேட்டார் சின்னப்பா. அவர் கவலை அவருக்கு.

"கறிதான் அய்யா. அடியில என் பழைய ஐ.டி. கார்டு."

"இப்போ பாக்கி எவ்ளோ?" என்றாள் பவுலின். எழுந்து நின்றிருந்தாள். அவள் கை பச்சைப் பையை விட்டிருந்தது.

"முப்பத்திரண்டாயிரத்து நூத்தி நாப்பது."

பவுலின் குணசேகரைப் பார்த்து, "ஏலத்த முடிங்க அய்யா. எட்டாயிரத்து நூறு, சின்னப்பா அய்யா. மூணு தரம்," என்றாள். நேரே மேசைக்குப் போய், சின்னப்பாவின் பணத்தை எண்ணி வாங்கி ரசீது எழுதினாள். கையெழுத்து கொஞ்சமும் கோணவில்லை. அதை முடித்துவிட்டு, பச்சைப் பையை மாதர் சங்கத் தலைவி ஹெலன் முன்னால் வைத்தாள்.

"எண்ணிப் பாருங்கக்கா. கை முடிச்சு வரைக்கும் போச்சி. இனிமே வேற யாராச்சும் பாத்துக்கட்டும்."

ஹெலன் அவசரப்படுகிறவர் இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எச்சில் தொட்டு, அத்தனை பேர் முன்னாலும் எண்ணி முடித்தார். இருபத்தாறாயிரத்து முந்நூற்று ஐம்பது. சீட்டில் எழுதியிருந்ததும் அதேதான். பையைக் கட்டிப் பவுலினிடமே தள்ளினார். "சரியா இருக்கு. உனுக்கு வேல வேணான்னா கிறிஸ்மஸுக்கு அப்புறம் சொல்லு. இப்போ கேக் கணக்கு பாக்கறதுக்கு எங்கிட்ட ஆளு இல்ல." அதோடு எழுந்து சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விட்டார்.

பந்தியில் தியோடர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பாதிச் சாப்பாட்டில் சின்னப்பா வந்தார். சபைச் சமையலறையிலேயே டப்பாவைச் சூடுபண்ணிச் சாப்பிட்டிருந்தார். துடைத்த ஐ.டி. கார்டை இலைக்குப் பக்கத்தில் வைத்தார். பத்து வருடத்துக்கு முந்தைய தியோடர் அதில் மீசையோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

"அடியில உன் மூஞ்சி கெடந்துது," என்றார். "கறி நல்லாருந்துது."

வீட்டுக்கு நடந்து வரும்போது பவுலின் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினாள். "நீங்க முன்னால போங்க." தியோடர் முன்னால் போனான். கார்டு சட்டைப் பையில் இருந்தது. அவள் முகத்தை மூன்று நிமிடம் முன்னாலேயே பார்த்து எழுந்திருந்தால் என்ன என்று அவனுக்கு ஆற்றாமையாக இருந்தது. நாலாயிரத்திலேயே எழுந்திருக்கலாம். ஆயிரத்து இருநூறிலேயே எழுந்திருக்கலாம். ஜூலை மாதமே வாயைத் திறந்திருக்கலாம்.

திங்கட்கிழமை அவள் போய் ஏழாயிரத்து அறுநூறைக் கட்டினாள். அட்டையின் பதினாறாம் கட்டத்தில் துணி ஒட்டவில்லை. அதற்கு முந்தைய மூன்று துண்டுகளையும் நகத்தால் பிய்த்து எடுத்தாள். ஒவ்வொன்றிலும் மூவாயிரத்துக்கு உரியதை மட்டும் அளந்து வெட்டி மறுபடி ஒட்டினாள். பார்க்கச் சகிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாசலில் சின்னப்பா நின்றார். ஒரு கையில் ஒரு கிலோ கறி, மறு கையில் பாலித்தீனில் சுற்றிய ஏதோ ஒன்று.

"ஒண்ணுமில்லமா," என்றார். "டெம்போவுக்கு டயர் மாத்தினன், அப்பிடியே கொஞ்சம் ஏறிப்போச்சி. இத அடியில வச்சி ஒரு கறி செஞ்சி குடுப்பியா? எங்கூட்டு ஃப்ரீசர்ல வேணாம். நான் தின்னுடுவன். உங்கூட்லயே இருக்கட்டும்."

புதன்கிழமை குணசேகர் கோழியோடு வந்தார். மைக் இல்லாததால் சத்தமே வரவில்லை. மூன்றாவது தடவைதான் அவர் சொன்னது புரிந்தது, அவரிடம் இரண்டு கார்டு. வியாழக்கிழமை ஹெலன் வந்து, தெரிந்த ஒரு அம்மாவுக்காக என்று சொல்லி ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். அந்த அம்மாவுக்கு மாட்டுக்கறிதான் ஆகும், காரம் கம்மியாக வேண்டும், முடிந்தால் தேங்காய் சேர்க்காமல் என்றார். பவுலின் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை. மூடியில் 'தொடாதே' என்று எழுதி அடியில் ஹெலன் என்றே பெயர் போட்டாள். ஹெலனும் அதைப் பார்த்துவிட்டு, காரம் கம்மி என்பதை மட்டும் மறுபடி சொல்லிவிட்டுப் போனார். சமையலுக்கும் ஃப்ரீசருக்கும் சேர்த்து டப்பாவுக்கு மாதம் நூற்றைம்பது என்று பவுலின் விலை வைத்தாள். ஞாயிறுக்குள் ஒன்பது டப்பா சேர்ந்தது. மீன் வாங்கி வைக்க இடம் இல்லை, ஐஸ் வைக்க இடம் இல்லை. ஃப்ரீசர் கதவை மூட ஜெனிஃபர் முழங்காலால் இடிக்க வேண்டியிருந்தது.

தியோடருக்கு இன்னும் 'நீங்க'தான். "நீங்க சாப்புடுங்க." "நீங்க தள்ளிக்கோங்க." அவன் டீயை நிறுத்தினான், பஸ்ஸை விட்டு நடந்தான், பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை மெஷின் துடைக்கும் வேலையைக் கேட்டு வாங்கினான். ஒரு வழியாகத் தைரியம் வந்து, கார்டைத் தானே பாலித்தீனில் நான்கு சுற்று சுற்றி, அவள் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான்.

"இதையும் வச்சிடு, பவுலின். இந்தத் தடவ தொட மாட்டேன்."

பவுலின் மெஷினை நிறுத்தினாள். எழுந்துபோய் ஃப்ரீசரைத் திறந்தாள். ஒன்பது டப்பாவையும் ஒருமுறை பார்த்தாள், ஒன்றைக்கூட நகர்த்தவில்லை. கதவை முழங்காலால் மூடினாள். பாலித்தீனைப் பிரித்து எடுத்துவிட்டு, கார்டை அவன் சட்டைப் பையிலேயே போட்டாள்.

"உன்னோடதுக்கு எடம் இல்ல, தியோ," என்றாள். "நீயே வச்சிக்கோ."

நவம்பர் முதல் தேதி தியோடர் அடுகோடி ஏ.டி.எம். முன்னால் வந்தபோது சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கம் தாண்டி நடந்தான். வீட்டில் கவரைக் கொடுத்தான். டீக்காசு, பஸ்காசு, மெஷின் துடைத்த கூலி எல்லாம் சேர்ந்து ஆயிரத்து நூற்றைம்பது, அதிலும் பாதி பத்து ரூபாய் நோட்டு. பவுலின் இரண்டு தடவை எண்ணினாள். புது அட்டை ஒன்றை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். மஞ்சள் லைனிங் துணியை எடுத்து, டேப்பால் அளந்து, ஆயிரத்து நூற்றைம்பதுக்கு எவ்வளவோ அவ்வளவு மட்டும், விரல் அகலத்துக்கு வெட்டினாள். பசையைத் தடவி அவன் கையில் கொடுத்து, "நீ ஒட்டு," என்றாள்.